எந்த ஆன்லைன் ஆர்பிஜி வேகமாகப் புது கன்டென்ட் தருகிறது? பேட்ச் எண்ணிக்கையைத் தாண்டிப் பார்ப்போம்

கேள்வி இதுதான்: ஆன்லைனில் பலர் சேர்ந்து பாத்திரம் வளர்த்து ஆடும் ஆர்பிஜி கேம்களில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எட்டு வாரத்துக்கு ஒரு பேட்ச், அதாவது புதுப்பிப்பு, விடுகிறது. ஃபைனல் ஃபேண்டஸி 14 நாலு மாதத்துக்கு ஒன்று. கில்ட் வார்ஸ் 2 வருடத்துக்கு ஒரு பெரிய வெளியீடு, நடுவில் சில சின்ன வெளியீடுகள்; எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் 2024 வரை அப்படித்தான். அப்படியானால் வார்கிராஃப்ட்தானே முன்னணியில் இருக்கிறது, நானும் நண்பனும் வாரம் இரண்டு மூன்று மாலை விளையாட அதையே எடுக்கலாமா?

இந்த நாலில் வேகத்தில் வார்கிராஃப்ட்தான் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் அதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். புது கன்டென்ட் (புது இடங்கள், சண்டைகள், கதை) எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கிற எல்லோரும், வந்தது எவ்வளவு வேகமாகக் காலாவதியாகிறது என்பதைப் பார்ப்பதில்லை. வாரம் ஐந்தாறு மணி நேரம் மட்டுமே ஆடக்கூடியவருக்கு முதல் கணக்கைவிட இரண்டாவது கணக்குதான் முக்கியம். ஒரு ரெய்டு (பலர் குழுவாகப் போய்ப் பெரிய எதிரிகளை வீழ்த்தும் சவால்) வந்து ஆறு மாதத்தில் அதில் கிடைக்கும் கியர், அதாவது ஆயுதமும் கவசமும், எல்லாம் பயனற்றதாகிவிட்டால், அந்த ஆறு மாதத்துக்குள் அதை முடிக்க நேரமில்லாதவருக்கு அது வந்ததும் வராததும் ஒன்றுதான்.

வார்கிராஃப்டிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த விஷயத்தில் மிக மோசமான காலத்தையும் மிக நல்ல காலத்தையும் பார்த்த கேம் அதுதான். 2004 நவம்பரில் வெளியானது. அதன் பிறகு சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு எக்ஸ்பான்ஷன், அதாவது தனியாக விற்கப்படும் பெரிய விரிவாக்கம், என்பதே வழக்கம். இந்த இரண்டு வருடம் பார்க்க ஒழுங்காகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு பெரிய ஓட்டை இருந்தது: கடைசி ரெய்டு வந்த பிறகு அடுத்த எக்ஸ்பான்ஷன் வரைக்கும் ஒன்றுமே வராது. 2013 செப்டம்பரில் சீஜ் ஆஃப் ஆர்க்ரிமார் வந்தது, அடுத்த எக்ஸ்பான்ஷனான வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் வந்தது 2014 நவம்பரில். பதினாலு மாதம் ஒரே ரெய்டு, ஒரே பாஸ்கள் (பெரிய எதிரிகள்). அதோடு பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தால், வார்லார்ட்ஸ் அதைவிட மோசமாகப் போனது. அதன் முதல் பேட்ச் 6.1-இல் பலர் நினைவில் வைத்திருப்பது செல்ஃபி கேமராவையும் ட்விட்டர் இணைப்பையும்தான். 2015 ஜூனில் ஹெல்ஃபயர் சிட்டடல் ரெய்டு வந்தது, அப்புறம் 2016 ஆகஸ்டில் லீஜன் வரும்வரை மறுபடியும் பதினாலு மாத வறட்சி.

இதன் விளைவு எண்ணிக்கையிலேயே தெரிந்தது. வார்லார்ட்ஸ் வெளியானபோது சந்தாதாரர்கள் 1 கோடியைத் தொட்டார்கள். 2015 மார்ச் இறுதியில் அது 71 லட்சம், ஜூன் இறுதியில் 56 லட்சம். அந்த வருடமே கேமை உருவாக்கிய பிளிஸார்ட் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. நான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளியான வாரத்தில் வார்லார்ட்ஸ் ஒரு நல்ல எக்ஸ்பான்ஷன். லெவல் ஏறுகிற பயணம், அந்த நிலப்பரப்பு, முதல் ரெய்டுகள் எல்லாமே பாராட்டப்பட்டவை. ஆட்கள் போனது கன்டென்ட் கெட்டது என்பதால் என்பதைவிட, முடித்த பிறகு திரும்பச் செய்ய ஒன்றும் இல்லை என்பதால்தான். மேக்ஸ் லெவலுக்கு வந்தவர்கள் தங்கள் கேரிசனுக்குள் (சொந்தக் கோட்டைக்குள்) உட்கார்ந்துகொண்டு, மேசையில் இருந்த மிஷன்களுக்கு ஆள் அனுப்பிவிட்டு லாக்அவுட் செய்தார்கள். வெளியே வரவேண்டிய தேவையே இல்லாமல் போனது.

லீஜனில் இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, பேட்ச்கள் இடைவிடாமல் வந்தன: 2016 அக்டோபரில் 7.1, 2017 மார்ச்சில் 7.2, ஆகஸ்டில் 7.3, நடுநடுவே சின்னப் பேட்ச்கள். இரண்டாவது, மித்திக் பிளஸ். ஐந்து பேர் போகும் டன்ஜனுக்கு, அதாவது ரெய்டைவிடச் சின்னச் சண்டைக் களத்துக்கு, நேரக் கெடு வைத்து, ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் கடினம் ஒரு படி ஏறும்படி செய்த முறை அது. என்னைக் கேட்டால் லீஜனைக் காப்பாற்றியது பேட்ச்களைவிட இந்த இரண்டாவதுதான். ஏற்கெனவே கட்டி முடித்த டன்ஜனையே மாதக்கணக்கில் ஆட வைத்தது, புதிதாக வரைய வேண்டிய சுவர் ஒன்றுகூட இல்லாமல். இன்றைக்கும் வார்கிராஃப்டின் வேகத்துக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம் இதுதான். 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃபிளைட்டிலிருந்து சீசனுக்கு (சில மாதச் சுற்றுக்கு) எட்டு டன்ஜன் என்று வைத்து, அதில் பாதியளவு பழைய எக்ஸ்பான்ஷன்களிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுக்கிறார்கள்.

இப்போதைய எட்டு வார ஒழுங்கும் டிராகன்ஃபிளைட்டில் வந்ததுதான். அதற்கு முந்தைய ஷேடோலேண்ட்ஸில் முதல் பெரிய பேட்ச் வருவதற்கே ஏழு மாதம் ஆனது. டிராகன்ஃபிளைட்டில் வருடத்துக்கான திட்டத்தையே முன்கூட்டிப் போட்டார்கள், சொன்னபடி செய்தும் காட்டினார்கள். 2023-ஐ மட்டும் பாருங்கள்: ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் என்று ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் பேட்ச். கடைசி ரெய்டுக்குப் பிறகு வரும் அந்தப் பழைய ஓட்டையையும் விதவிதமாக அடைத்தார்கள். 2024 மார்ச்சில் பிளண்டர்ஸ்டார்ம் என்கிற கடற்கொள்ளையர் பேட்டில் ராயல், மே மாதம் பழைய எக்ஸ்பான்ஷன் ஒன்றை வேகமாக மறுபடி ஆடும் பண்டாரியா ரீமிக்ஸ், ஆகஸ்ட் இறுதியில் வார் விதின் எக்ஸ்பான்ஷன். வார் விதினும் அதே ஒழுங்கில் போனது. 2015-இல் கேரிசனுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது வேறொரு கேம் போலத்தான் தெரியும், அந்தக் குழுவுக்கு இதற்கான பாராட்டு முழுசாகச் சேர வேண்டும்.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. இந்த எட்டு வாரப் பேட்ச்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. புது ரெய்டும் புது சீசனும் வரும் பேட்ச் ஒன்று, அதன் பின்னால் இரண்டு சின்னப் பேட்ச்கள், அப்புறம் மறுபடி பெரியது. சின்னதில் ஒரு கதைத் துண்டு, ஒரு நிகழ்வு, கொஞ்சம் வசதி மாற்றங்கள் இருக்கும். பெரியதில்தான் உண்மையான மாற்றம் வரும், அதாவது ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை. அந்த நாளில் கியரின் பலத்தைக் காட்டும் எண்ணான ஐட்டம் லெவல் மொத்தமாக மேலே போகும். நேற்று வரை கில்டே (சேர்ந்து ஆடும் குழுவே) சேர்ந்து வாரக்கணக்கில் முட்டி மோதி வாங்கிய ஆயுதத்தைவிட, இன்று திறந்தவெளியில் ஒரு சின்ன வேலை செய்தால் கிடைப்பது மேலாக இருக்கும். வாரம் முழுக்க ஆடுகிறவருக்கு இது சுகமான சுழற்சி. உங்களைப் போல இரண்டு மாலை ஆடுகிறவருக்கு, கிரேட் வால்ட் என்ற வாராந்திரப் பரிசுப் பெட்டியைத் திறந்து வாரத்துக்கு ஒரு பொருள் எடுத்து, பாத்திரம் ஒரு நல்ல நிலைக்கு வருகிற நேரத்தில் சீசன் முடிந்துவிடும். பத்து வருடப் பழைய கண்டங்களுக்குப் போனால் அழகாக இருக்கும், ஆள்தான் இருக்க மாட்டார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வார் விதினில் வந்த டெல்வ்ஸ் என்பது ஒருவர் முதல் ஐந்து பேர் வரை போகக்கூடிய குட்டி டன்ஜன்கள். இரண்டு பேராகப் போகலாம், அடி தாங்கும் டாங்க், குணப்படுத்தும் ஹீலர் என்று ஆள் தேட வேண்டாம், முடித்தால் கிரேட் வால்ட்டிலும் கணக்கு ஏறும். உங்களைப் போன்ற ஜோடிகளுக்கு அந்தக் கேம் இதுவரை செய்த நல்ல காரியங்களில் இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

சரி, ஃபைனல் ஃபேண்டஸி 14. இதன் வரலாறு பலருக்குத் தெரியும்: 2010 செப்டம்பரில் வெளியாகிப் படுதோல்வி, அந்த டிசம்பரில் நவோகி யோஷிதா பொறுப்பேற்றார், 2013 ஆகஸ்டில் எ ரெல்ம் ரீபார்ன் என்று மறுபிறவி எடுத்தது. அதன் பிறகு அவர்கள் கண்டுபிடித்த ஒழுங்கு கடிகாரம் போன்றது. இரட்டைப்படை பேட்சில் எட்டுப் பேர் ரெய்டு, ஒற்றைப்படை பேட்சில் இருபத்து நாலு பேர் கூட்டணி ரெய்டு. ஒவ்வொன்றிலும் கதையின் அடுத்த பகுதி, ஒரு டன்ஜன், ஒரு பெரிய பாஸ் சண்டை. முன்பு மூன்று, மூன்றரை மாதத்துக்கு ஒன்றாக வந்தது. 2021 எக்ஸ்பான்ஷனான எண்ட்வாக்கரிலிருந்து நாலு மாதத்தை ஒட்டி நீண்டுவிட்டது. எக்ஸ்பான்ஷன் இடைவெளியும் அப்படியே: 2015, 2017, 2019 என்று இரண்டு வருடத்துக்கு ஒன்றாக வந்தது, அப்புறம் 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர், 2024 ஜூலையில் டான்ட்ரெயில் என்று இரண்டரை வருடமாகியிருக்கிறது. ஆக, இந்தக் கேம் மெதுவாகிக்கொண்டே போகிறது என்று சொல்கிறவர்கள் சொல்வது உண்மைதான்.

நாலு மாதத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேக்ஸ் லெவலில் டோம்ஸ்டோன் என்கிற நாணயம் வாரத்துக்கு 450தான் சேர்க்க முடியும். அதை வைத்து வாங்கும் மேலங்கிக்கு 825, கால்சட்டைக்கு 825, தலை, கை, பாதம் மூன்றுக்கும் தலா 495, நாலு அணிகலன்களுக்கும் தலா 375, ஆயுதத்துக்கு 500, அதோடு ரெய்டில் ஏழு வாரம் சேர்க்க வேண்டிய ஒரு டோக்கன். மொத்தம் கூட்டினால் 5,135. வாரம் 450 என்றால் ஒரு ஜாபுக்கு (வீரர் வகைக்கு) முழு செட் வாங்கப் பன்னிரண்டு வாரம். கடினமான சாவேஜ் ரெய்டு ஆடுகிறவர்கள் பாதிக் கியரை அங்கிருந்து எடுப்பதால் சீக்கிரம் முடிப்பார்கள், அங்கேயும் ஒரு பாஸிடம் வாரத்துக்கு ஒரு முறைதான் பரிசு. ஆக நாலு மாத இடைவெளியில் மூன்று மாதத்தை இந்த வாராந்திர வரம்பே விழுங்கிவிடுகிறது. இதைச் சிலர் வேண்டுமென்றே இழுத்தடிப்பது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரம் 450 என்பதை இரண்டு மாலையில் சேர்த்துவிடலாம், அதற்கு மேல் ஆடினாலும் கூடுதல் லாபம் இல்லை. வேலைக்குப் போகிறவரும் நாள் முழுக்க ஆடுகிறவரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகிறார்கள். நேரம் குறைவாக உள்ளவரை மதிக்கிற ஏற்பாடு இது.

இந்தக் கேமிலும் வறட்சி வந்தது, ஆனால் வந்த விதம் வேறு. எண்ட்வாக்கர் காலத்தில் பேட்ச்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன, ஒவ்வொன்றிலும் வழக்கமான எல்லாமே இருந்தன, தீவுப் பண்ணை, வேரியன்ட் டன்ஜன் என்று புதுசும் சேர்த்தார்கள். அப்படியிருந்தும் செய்ய ஒன்றுமில்லை என்ற புலம்பல் எங்கும் கேட்டது. ஏன்? 2017-இன் ஸ்டார்ம்பிளட்டில் யுரேகா இருந்தது, 2019-இன் ஷேடோபிரிங்கர்ஸில் போஸ்யா இருந்தது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய், முகம் தெரியாத பலரோடு கூட்டமாகச் சண்டை போட்டு, படிப்படியாக மேம்படுத்தும் ரெலிக் ஆயுதத்துக்குப் பொருள் சேர்க்கும் பெரிய களங்கள் அவை. எண்ட்வாக்கரில் அப்படி ஒரு களமே வைக்கவில்லை. ரெலிக் ஆயுதத்தை டோம்ஸ்டோன் கொடுத்து வாங்கிவிடலாம் என்று ஆக்கினார்கள். பேட்ச் குறிப்பில் பார்த்தால் ஒரு வரி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிதான் மற்ற மாதங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. டான்ட்ரெயிலில் 2025 மே மாதம் ஆக்கல்ட் கிரசென்ட் என்ற புதுக் களத்தைத் திறந்தபோது பழைய கூட்டம் அங்கே திரண்டதைப் பார்த்தால் இது விளங்கும்.

யோஷிதா பலமுறை வெளிப்படையாகச் சொன்ன ஒரு விஷயம், பேட்சை முடித்துவிட்டால் வேறு கேம் ஆடிவிட்டு அடுத்த பேட்சுக்கு வாருங்கள் என்பது. சந்தா வாங்கும் கேமின் தலைவர் இப்படிச் சொல்வது லேசான விஷயமில்லை, அதற்கேற்றாற்போலத்தான் கேமும் அமைக்கப்பட்டிருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் பின்தங்குவதில்லை. இன்னொன்று, இதில் கதையை வரிசையாகத்தான் முடிக்க வேண்டும், 2013-இல் எழுதியதிலிருந்து. புதிதாக வருகிறவருக்கு நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்கான கதை காத்திருக்கிறது. வாரம் ஐந்தாறு மணி நேரம் ஆடினால், புது பேட்ச் நாலு மாதத்துக்கு ஒன்றா எட்டு மாதத்துக்கு ஒன்றா என்பது உங்களை ஒன்றிரண்டு வருடத்துக்குத் தொடவே தொடாது. இந்தக் கேம் மெதுவாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள்.

கில்ட் வார்ஸ் 2-தான் இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் எண்ணிப் பார்த்தால் இதுதான் தோற்க வேண்டும். 2012 ஆகஸ்டில் வெளியானது. 2017 செப்டம்பரில் பாத் ஆஃப் ஃபயர், அதற்கடுத்த எண்ட் ஆஃப் டிராகன்ஸ் 2022 பிப்ரவரியில். நாலரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வார்கிராஃப்டில் இப்படி நடந்தால் சர்வர்களில் ஆளே இருக்காது. இங்கே சமாளித்தது இரண்டு காரணத்தால். நடுவில் லிவிங் வேர்ல்ட் என்று கதை அத்தியாயங்கள் வந்துகொண்டிருந்தன. நாலாவது சீசனில் வந்த ஆறு அத்தியாயமும் ஆளுக்கொரு புது மேப்போடு வந்தவை. அதற்குப் பின் வந்த ஐஸ்ப்ரூட் சாகா கடைசியில் இளைத்துப்போய், புது மேப்புக்குப் பதில் பழைய இடங்களிலேயே திரும்பத் திரும்ப நடக்கும் மிஷன்களாக முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரிய காரணம் இரண்டாவது. 2012-இல் லெவல் 80தான் உச்சம், இன்றும் அதுதான். அந்த வருடக் கடைசியில் அசெண்டட் என்கிற உச்ச தரக் கியர் வரத் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் செய்து வைத்த அசெண்டட் செட்டின் பலத்தை மிஞ்சிய கியர் இதுவரை வரவில்லை. லெஜண்டரி என்ற இன்னொரு வகைக் கியருக்கும் அதே பலம்தான், குணங்களை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் வசதிதான் கூடுதல். எக்ஸ்பான்ஷன்கள் கொடுப்பது பறக்கும் கிளைடர், ஏறிச் செல்ல மவுண்ட், புது எலீட் ஸ்பெஷலைசேஷன் போன்ற திறன்கள். அதாவது உயரத்தில் வளராமல் அகலத்தில் வளர்கிற கேம். பழைய மேப்புக்குப் போனால் உங்கள் லெவல் அந்த இடத்துக்கேற்பக் குறைக்கப்படுவதால் அங்கிருக்கும் சண்டையும் சண்டையாகவே இருக்கும். டெக்வாட்ல் என்று செத்தும் நடமாடும் ஒரு டிராகன், கேம் வந்தபோதே இருந்த வேர்ல்ட் பாஸ், 2013 செப்டம்பரில் கடினமாக்கி மாற்றியமைத்தார்கள். இன்றும் அது அட்டவணைப்படி குறித்த நேரத்துக்குத் தலை தூக்குகிறது. சில நிமிடம் முன்னால் அந்தச் சதுப்புக் கரைக்குப் போய் நின்றால், கமாண்டர் குறி போட்ட யாரோ ஒருவர் பீரங்கிகளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருப்பார், முந்தாநாள் சேர்ந்தவரும் பத்து வருடமாக இருப்பவரும் ஒரே கூட்டத்தில் நிற்பார்கள். பன்னிரண்டு வருடப் பழைய கன்டென்ட் இப்படி உயிரோடு இருப்பதை எந்தப் பேட்ச் அட்டவணையிலும் எழுத முடியாது.

இதே கேம்தான் எதிர்த் திசையிலும் ஒரு பாடம் தந்தது. 2013-இல் லிவிங் வேர்ல்ட் முதல் சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒரு அப்டேட் விட்டார்கள். இந்த நாலு கேம்களில் இன்றுவரை அசுர வேகம் என்றால் அதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி தற்காலிகம், அடுத்தது வந்ததும் முந்தையது மறைந்துவிடும். பிறகு சேர்ந்தவர்களுக்குக் கதையின் நடுவில் ஒரு பெரிய பள்ளம். கடைசியில் 2022-இல் அந்த சீசனை நிரந்தர வடிவில் மறுபடியும் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகச் செய்த உழைப்பை ஒன்பது வருடம் கழித்து இரண்டாவது முறை செய்திருக்கிறார்கள். 2023-இலிருந்து முறையை மாற்றி வருடத்துக்கு ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன், அதைத் தொடர்ந்து சில மாதங்களுக்கு ஒருமுறை இலவச அப்டேட் என்று போகிறார்கள்: சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்கியூர், ஜாந்திர் வைல்ட்ஸ், 2025 அக்டோபரில் விஷன்ஸ் ஆஃப் எடர்னிட்டி. ஒவ்வொன்றும் பழையவற்றைவிட மெலிந்துதான் இருக்கிறது, விலையும் குறைவு. பழைய ஆட்கள் சிலருக்கு இதில் வருத்தம். அடுத்தது எப்போது என்றே தெரியாத நாலரை வருடத்தைவிட இது மேல் என்பது என் கருத்து.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுவும் ஏறக்குறைய கில்ட் வார்ஸ் 2-இன் வழிதான். 2016 அக்டோபரில் ஒன் டாம்ரியல் என்ற மாற்றத்தோடு எந்த லெவல்காரரும் எந்தப் பகுதிக்கும் போகலாம் என்று ஆனது. சாம்பியன் பாயின்ட் (உச்ச லெவலுக்குப் பிறகு சேரும் புள்ளி) 160 கியர்தான் உச்சம் என்பதும் அந்த வருடத்திலிருந்து மாறவில்லை. 2017-இல் மாரோவிண்டில் தொடங்கி 2024-இல் கோல்ட் ரோடு வரை வருடா வருடம் ஜூன் வாக்கில் ஒரு பெரிய சாப்டர், அதாவது விரிவாக்கம். முன்னும் பின்னும் டன்ஜன் பொதிகள். இந்தக் கேமில் யார் வாயைத் திறந்தாலும் குரல் பதிவு உண்டு, ஒரு ஓரத்துக் கிராமத்தான் உட்பட, அப்படியிருந்தும் இத்தனை வருடம் தேதி தவறாமல் கொடுத்தது பெரிய காரியம். குறை என்னவென்றால் அச்சு மாறவே இல்லை: புதுப் பகுதி, அதே வகைக் குகைகள், அதே வகை உலக பாஸ்கள், ஆறு வாரத்தில் தீர்ந்துவிடும் கதை. 2025-இல் சாப்டர் முறையைக் கைவிட்டு சீசன் முறைக்குப் போனதற்கு அந்த அலுப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வேகம் என்று பேசும்போது இன்னும் சில கேம்களைச் சொல்லாமல் விட முடியாது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் வாரா வாரம் அப்டேட் விடுகிறது, பெரும்பாலும் சின்னச் சின்னது, ஆனால் கேமை மாற்றும் பெரிய விஷயங்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் உள்ளே வரும். 2013-இல் தொடங்கிய அந்தக் கேமில் முழுக்கப் புதிதான முதல் ஸ்கில், செய்லிங், 2025 நவம்பரில்தான் வந்தது. வாராந்திர வேகமும் பன்னிரண்டு வருடக் காத்திருப்பும் ஒரே கேமில்! லாஸ்ட் ஆர்க் வேறு வகை. 2022 பிப்ரவரியில் உலகச் சந்தைக்கு வந்தபோது ஸ்டீம் என்ற கேம் தளத்தில் ஒரே நேரத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள், முதல் வருடம் கன்டென்ட் கொட்டியது. ஆனால் அதெல்லாம் கொரியாவில் ஏற்கெனவே வந்தவை. வருடக்கணக்கில் அங்கே நிதானமாக ஆடியதை இங்கே மாதங்களில் இறக்கினார்கள், கியர் ஏற்றவே மூச்சு முட்டி நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள். வேறு நாட்டில் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் கேம் உங்கள் பக்கம் வரும்போது முதல் வருட வேகத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

வேகத்தை வாக்குறுதியாகக் கொடுத்தவர்களின் கதையும் இருக்கிறது. வைல்ட்ஸ்டார் 2014 ஜூனில் வந்தபோது மாதம் ஒரு அப்டேட் என்றார்கள். சில மாதத்திலேயே அது காலாண்டுக்கு ஒன்று என்று மாறியது, 2018 நவம்பரில் சர்வரையே மூடிவிட்டார்கள். நியூ வேர்ல்ட் 2021 செப்டம்பரில் ஒன்பது லட்சம் பேரோடு தொடங்கியது, முதல் எக்ஸ்பான்ஷன் வர இரண்டு வருடம் ஆனது. 2025 அக்டோபரில் பத்தாவது சீசனாக நைட்ஹேவனை விட்டார்கள். ஆடியவர்கள் அதை நன்றாக இருக்கிறதென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, புது கன்டென்ட் இதுதான் கடைசி என்று அதை நடத்தும் அமேசான் அறிவித்துவிட்டது. நிறைய உழைப்பு அதில் போயிருந்தது, அப்படி முடிந்திருக்கக் கூடாது.

ஏன் யாராலும் மாதம் ஒரு ரெய்டு கொடுக்க முடிவதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆள் சேர்த்தால் போதும் என்பது அவ்வளவு எளிதில்லை. ஒரு பாஸ் சண்டைக்கு மாடல், அசைவு, இசை, அரங்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் சண்டையைச் சமன் செய்யும் வேலையே தொடங்கும். வார்கிராஃப்டில் அதை வெளிப்படையான சோதனை சர்வரில் விட்டு ஆடுகிறவர்களை வைத்தே பார்க்கிறார்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் அந்தப் பழக்கம் கிடையாது, எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடக்கும், அதோடு ஜப்பானிய, ஆங்கில, பிரெஞ்சு, ஜெர்மன் வடிவங்கள் நாலும் ஒரே நாளில் வரவேண்டும். குரல் பதிவு அதிகமான கேமில் கதையை முன்கூட்டியே பூட்டிவிட வேண்டும், கடைசி நேரத்தில் ஒரு வசனத்தை மாற்றுவதென்றால் மறுபடி ஸ்டுடியோ, மறுபடி நடிகர். இப்படியிருக்க, இடைவெளியைச் சுருக்குவதைவிட, வந்ததை நீண்ட நாள் ஆட வைப்பதில்தான் நல்ல குழுக்கள் மூளையைச் செலவிடுகின்றன.

இனி உங்கள் விஷயம். இரண்டு பேர், வாரம் ஐந்தாறு மணி நேரம், சேர்ந்து ஆட வேண்டும். கில்ட் வார்ஸ் 2-இல் தொடங்குங்கள். அடிப்படை கேம் இலவசம், சந்தா இல்லை, ஒருவர் லெவல் 20, மற்றவர் 80 என்றாலும் ஒரே மேப்பில் சேர்ந்து ஆடலாம், கதை மிஷன்களுக்கும் பார்ட்டியாகவே போகலாம். மூன்று மாதம் விட்டுவிட்டுத் திரும்பினாலும் கியர் அப்படியே பயன்படும். இருவருக்கும் கதை மேல் உண்மையான ஆர்வம் இருந்தால் ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் இலவச டிரையல் ஸ்டார்ம்பிளட் வரை, லெவல் 70 வரை, நேர வரம்பில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அதன் மெயின் ஸ்டோரியில் தனியாகவே செய்ய வேண்டிய பகுதிகள் நிறைய. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டிவரும். டிரையல் கணக்குக்குப் பார்ட்டி, அரட்டை, வர்த்தகத்தில் கட்டுப்பாடுகளும் உண்டு, சேர்ந்து ஆடப்போவதால் அதை முதலில் படித்துவிடுங்கள். ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி டிரையலுக்குத் திரும்பாது.

வார்கிராஃப்ட் ஆடியே தீர வேண்டும் என்றால் சீசன் நடுவில் சேராதீர்கள். புது சீசன் தொடங்கும் வாரத்தில் சந்தா கட்டுங்கள். எல்லோரும் கீழிருந்து ஏறிக்கொண்டிருக்கும் அந்த முதல் ஆறேழு வாரத்தில் டெல்வ்ஸும் குறைந்த படி மித்திக் பிளஸ்ஸும் ஆடிவிட்டு, அலுப்புத் தட்டியதும் சந்தாவை நிறுத்திவிட்டு, அடுத்த சீசன் தேதி வந்ததும் திரும்புங்கள்.